உம் கொட்டுவது யார்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் எழுதியிருக்கிறார். அப்பாவின் சம்பா வயலில் தண்ணீர் மட்டத்தைப் பதிவு செய்ய ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வைத்திருக்கிறார். ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போய் விடியற்காலை வந்தால், பதிவில் நேரம் மறுபடி பத்து மணியிலிருந்தே ஓடுகிறதாம். அந்த போர்டில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. நெட்டும் இல்லாத வயலில், கடைசியாகச் சேமித்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு அது கிளம்பிவிடுகிறது. சரி என்று டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கி மாட்டினார். அப்புறம்தான் அவருடைய கேள்வி வருகிறது:

“எந்தெந்த முகவரியில் சில்லு இருக்கிறது என்று பார்க்கும் ஐ2சிடிடெக்ட் கட்டளை கொடுத்தால் 68 என்று காட்டுகிறது. சில்லு இருக்கிறது, ஒயரும் சரி. ஆனால் கடிகாரத்தைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. போர்டின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரி எழுதி ரீபூட் செய்தால் வேலை செய்கிறது. எதிரே இருக்கும் சில்லை, போர்டை இயக்கும் லினக்ஸுக்கு ஏன் எழுதிக் காட்ட வேண்டும்?”

பென்டிரைவைச் செருகினால் அது தன் கம்பெனி எண்ணையும் மாடல் எண்ணையும் தானே சொல்லிவிடும். யூஎஸ்பி அப்படி வகுக்கப்பட்டது. உங்கள் கடிகாரச் சில்லு பேசும் ஐ2சி என்ற இணைப்பு முறை அதற்கு முந்தியது. 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்ள உருவாக்கியது. எந்தச் சில்லு எங்கே இருக்கிறது என்பது பெட்டியைச் செய்தவருக்கே தெரியும் என்பதால், அறிமுகம் செய்துகொள்ளும் ஏற்பாடே அதில் இல்லை.

இருப்பது இரண்டு கம்பிகள்: ஒன்று தகவலுக்கு, ஒன்று துடிப்புக்கு. சும்மா இருக்கும்போது இரண்டையும் ரெசிஸ்டர்கள் 3.3 வோல்ட்டில் தூக்கிப் பிடித்திருக்கும். கம்பியை யார் வேண்டுமானாலும் தரைக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுக்கலாம். மேலே தள்ள யாருக்கும் உரிமையில்லை. போர்டு ஏழு துடிப்புகளில் முகவரியைச் சொல்கிறது. 68 என்பது பதினாறடிமான எண், இரண்டடிமானத்தில் 1101000. எட்டாவது துடிப்பு, படிக்கவா எழுதவா என்பதற்கு. பிறகு தகவல் கம்பியைக் கைவிட்டுவிட்டுக் காத்திருக்கிறது. ஒன்பதாவது துடிப்பில், அந்த முகவரிக்காரர் இருந்தால் கம்பியைக் கீழே இழுப்பார். அவ்வளவுதான் பதில். கதை கேட்கும் பிள்ளை இருட்டில் ‘உம்’ கொட்டுவது போல. குரல் வந்தால் ஆள் இருக்கிறது. யார் என்று தெரியாது.

இங்கேதான் சிக்கல். அசைவை உணரும் எம்பியூ6050 சில்லின் முகவரியும் 68தான். டிஎஸ்1307 என்ற பழைய கடிகாரச் சில்லின் முகவரியும் அதுவே. ‘நீ யார்?’ என்று கேட்டுப் பார்க்கலாமே என்றால், கேட்பதற்கே அந்தச் சில்லுக்குள் ஏதாவது எழுத வேண்டியிருக்கும். ஒரு சில்லுக்கு அது கேள்வி. இன்னொன்றுக்கு ‘உள்ளே இருப்பதை மாற்று’ என்ற கட்டளை. அதனால் லினக்ஸ் ஊகிப்பதில்லை. எனக்கு இந்த நிதானம் மிகவும் பிடிக்கும்.

அப்படியானால் யார் சொல்வது? நம் ஊரில் விஏஓ எழுதும் அடங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று அதில் இருக்கும். வயலில் நெல் தலைசாய்ந்து நின்றாலும் அடங்கலில் ஏறாவிட்டால் காப்பீட்டுக்காரருக்கு அது தரிசுதான். லினக்ஸுக்கு அப்படி ஓர் அடங்கல் உண்டு, பெயர் டிவைஸ் ட்ரீ. எந்த பஸ்ஸில் (சில்லுகள் பேசும் கம்பித் தடத்தில்), எந்த முகவரியில், எந்த வகைச் சில்லு என்று அதில் எழுதியிருக்கும். அந்த வகைப் பெயரை வைத்துத்தான் லினக்ஸ் சரியான டிரைவரை, அதாவது அந்தச் சில்லோடு பேசத் தெரிந்த நிரலை, தேடுகிறது. ராஸ்பெரி பையில் 2015 முதல் இதுதான் வழக்கம்.

கான்ஃபிக் டெக்ஸ்டில் நீங்கள் எழுதிய ‘டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231’ என்ற வரி அந்த அடங்கலில் ஒரு புது உட்பிரிவைச் சேர்க்கிறது. கரண்ட் வந்ததும் முதலில் விழிப்பது லினக்ஸ் ஓடும் ஏஆர்எம் பிராசசர் அல்ல, கிராஃபிக்ஸ் பக்கத்துப் பிராசசர். அதில் ஓடும் ஃபர்ம்வேர் என்ற தொடக்க நிரல்தான் கோப்பைப் படித்து, உட்பிரிவை மூல அடங்கலோடு தைத்து, லினக்ஸின் கையில் கொடுக்கிறது. லினக்ஸ் கிளம்பிய பிறகு அந்தக் கோப்பைத் திரும்பிப் பார்க்காது, அதனால்தான் ரீபூட். புதிய ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் கோப்பு பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற ஃபோல்டரில் இருக்கிறது. பழைய இடத்தில் திருத்தி ஏமாறாதீர்கள்.

அந்த ஃபர்ம்வேரின் மூல நிரல் நமக்குத் திறந்திருக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் போன்ற திறந்த முயற்சிகளுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். நம் பிள்ளைகள் முதல் துடிப்பிலிருந்து படித்துப் பார்க்க ஓர் இயந்திரம் வேண்டும். இல்லாவிட்டால் இந்த வரிகள் மந்திரமாகிவிடுகின்றன. திரையே மாட்டாத பெட்டியில் ஹெச்டிஎம்ஐ வரிகள் ஆறு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘எல்லாரும் போடுகிறார்கள்’ என்றார் அதை வைத்திருந்த இளைஞர். அந்தப் பதில் எனக்கு வலித்தது.

தம்பி, இப்போது ஐ2சிடிடெக்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள். 68 இருந்த கட்டத்தில் ‘யூயூ’ என்று இருக்கும். டிரைவர் அந்த முகவரியை எடுத்துக்கொண்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதனால் ஐ2சிடிடெக்ட் அங்கே போய்த் தட்டவே இல்லை.