சுக்கினிப் பிஞ்சு ஏன் வெம்புகிறது?

கொழும்பில் மொட்டை மாடியிலும் முற்றத்திலும் சுக்கினி வளர்ப்பவர்கள் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: செடி செழிப்பாக நிற்கிறது, பிஞ்சும் தெரிகிறது, ஆனால் விரலளவு வந்ததும் நுனியிலிருந்து மஞ்சளாகி அழுகிவிடுகிறது. உடனே பசளையைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் குறை பசளையில் இல்லை. பூவுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை.

பூசணியைப் போல சுக்கினிக்கும் ஒரே செடியில் ஆண் பூ, பெண் பூ இரண்டும் உண்டு. ஆண் பூவின் காம்பு மெல்லியது. பெண் பூவின் அடியில் பூ விரியும் முன்பே குட்டிக் காய் ஒன்று இருக்கும். அது சூலகம். மகரந்தம் சேர்ந்தால் உள்ளே விதைகள் உருவாகும். அவற்றிலிருந்து சுரக்கும் ஒக்சின் என்ற வளர்ச்சி ஹோர்மோன்தான் காயைப் பருக்கவைக்கிறது. சேராவிட்டால் செடி அந்தப் பிஞ்சைக் கைவிட்டுவிடும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் சூம்பிப்போகும்.

கொழும்பில் இதற்குத் தடைகள் அதிகம். வெப்பம் கூடினால் ஆண் பூக்களே மிகுதியாக வரும். மழை நாளில் தேனீ வராது. நனைந்த மகரந்தமும் கெட்டுவிடும். பூவோ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். ஆகவே கையால் சேர்ப்பதே நிச்சயமான வழி. காலை ஒன்பது மணிக்குள் அன்று விரிந்த ஆண் பூவொன்றைப் பறித்து, இதழ்களை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முழுவதும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். முதல் ஒரு வாரம் ஆண் பூ மட்டும் பூப்பது வழமை, கவலை வேண்டாம்.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் விதைக்காமல் ஜனவரியில் விதைப்பது நல்லது. 40 லீற்றர் கொள்ளும் தொட்டிக்கு ஒரு செடி போதும். மண், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றையும் சமமாகக் கலந்து, விதையை 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் கட்டாயம். தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள். இலையில் வெள்ளைத் தூள் படர்ந்தால் அது சாம்பல் நோய். அந்த இலைகளை வெட்டிக் காற்றோட்டம் கொடுங்கள். பழ ஈயைத் தடுக்க, மகரந்தம் சேர்த்து பூ வாடியதும் காயைக் கடதாசிப் பையால் மூடிவிடலாம்.

காய் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வளர்ந்ததும் பறியுங்கள். முற்றவிட்டால் அடுத்த பூக்கள் குறையும். காயில் ஏறத்தாழ 95 வீதம் தண்ணீர் என்பதால், வறைக்கு என்றால் துருவி உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்த பிறகே தாளிதத்தில் போடுங்கள். தேங்காய்ப்பூவைக் கடைசியில் சேர்க்கலாம். சமைக்கும் முன் சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் அது குக்குர்பிட்டாசின் என்ற நச்சு. சமைத்தாலும் போகாது, அந்தக் காயை எறிந்துவிடுங்கள்.