போன் பிடிக்கும் கழுத்துக்கு அக்குபங்சர் என்ன செய்யும்?

பிடரியில் உளைவு, தோள்மூட்டில் இறுக்கம், பின்னேரமானால் நெற்றிப்பொட்டில் குத்து, கண் எரிவு, இரவில் நித்திரை இல்லை. கிளிநொச்சியில் என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வருத்தங்கள் இப்போது இவைதான். நாரிப்பிடிப்போடு வரும் வயல்காரர் இன்றும் வருகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அறிவியல் நகரில் படிக்கிற பெடியளும், கச்சேரியில் நாள் முழுக்கக் கணினியில் பதிகிற பிள்ளைகளும், வீட்டிலிருந்தபடி இணையத்தில் வேலை செய்கிற இளம் தாய்மாரும் முறைக்குக் காத்திருக்கிறார்கள். "ஊசி போட்டா சரிவருமோ டொக்டர்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். கழுத்துக்கும் தலையிடிக்கும் உதவும். பலருக்கு நித்திரைக்கும் உதவும். கண்ணுக்கு நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு உதவாது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை. நிமிர்ந்து இருக்கும்போது அந்தப் பாரத்தை முள்ளந்தண்டு தாங்கிக்கொள்ளும். போனைப் பார்க்கக் குனிந்தால் பாரம் பிடரித் தசைகளுக்கு மாறும். 2014இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, தலை 60 பாகை குனிந்திருக்கும்போது கழுத்தில் விழும் சுமை 27 கிலோ வரை போகிறது. அரைமூட்டை உரத்தைவிடக் கூடிய பாரம் அது. சற்று நேரம் என்றால் உடம்பு பொறுக்கும். மணிக்கணக்காக அப்படியே இருந்தால் தசை இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, அழுத்தினால் நோகிற முடிச்சுகள் விழும். பிடரியில் விழுந்த முடிச்சின் நோ தலையைச் சுற்றி வந்து கண்ணுக்குப் பின்னால் குத்தும். கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து வருகிற பலருக்கு உண்மையில் பிடரிதான் பிரச்சினை.

எங்கள் வீடுகளில் இருக்கிற முறையையும் பாருங்கள். மேசை கதிரையில் இருந்து போன் பார்ப்பவர்கள் குறைவு. பாயில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, மற்றக் கையில் போனைப் பிடித்துக்கொள்கிறோம். இல்லையென்றால் தலகணியில் சாய்ந்து நாடியை நெஞ்சோடு ஒட்டவைக்கிறோம். அதுவும் இரவில். இங்கே இரவு பத்து மணி என்றால் லண்டனில் வேலை முடிகிற நேரம், ரொறன்ரோவில் மத்தியானம். பிள்ளைகளோடும் சகோதரங்களோடும் கதைக்க வன்னியில் பலருக்குக் கிடைப்பது அந்த நேரம் ஒன்றுதான். அதை விடுங்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. கடலுக்கு அப்பால் இருக்கிற மகனின் முகத்தைப் பார்க்கிற தாய்க்கு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. கதைத்து முடித்த பிறகும் போன் கையை விட்டுப் போகாமல், வீடியோக்களைத் தள்ளித் தள்ளி ஒரு மணி, இரண்டு மணி வரை முழித்திருப்பதைத்தான் குறைக்கச் சொல்கிறேன். திரை வெளிச்சம், நித்திரையை வரவழைக்க மூளையில் சுரக்கும் மெலற்றோனின் என்ற பொருளைத் தள்ளிப்போடும். பார்க்கிற விடயமோ மனதை முழிப்பாகவே வைத்திருக்கும்.

மே மாதத்தில் இது இன்னொரு முகம் எடுக்கிறது. முள்ளிவாய்க்கால் நினைவு நாட்களில் போன் முழுக்க யுத்தகாலப் படங்களும் காணொளிகளும் வந்து நிறையும். அந்த வாரங்களில் நெஞ்சு இறுக்கத்தோடும் நித்திரை இல்லாமலும் வருகிறவர்கள் கூடுகிறார்கள். மணிக்கட்டிலும் காதிலும் ஊசி போட்டு உடம்பைச் சற்றுத் தளரவைக்க என்னால் முடியும். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த நினைவு வந்து ஆளை முடக்குகிறதென்றால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே பலரை அனுப்பியிருக்கிறேன்.

இனி ஊசிக்கு வருகிறேன். அக்குபங்சர் ஊசியில் மருந்து இல்லை. தடிப்பு ஏறக்குறைய 0.25 மில்லிமீற்றர், மருந்தேற்றும் ஊசியைவிட மிக மெல்லியது. கழுத்துக்கும் தலையிடிக்கும் வழமையாகப் பார்க்கும் இடங்கள் சில உண்டு. மண்டையோட்டின் அடியில், பிடரித் தசையின் இரு கரையிலும் உள்ள பள்ளம். தோளின் மேட்டுப் பகுதி. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான சதை. உள்மணிக்கட்டில் கோட்டிலிருந்து மூன்று விரல் மேலே. புருவங்களுக்கு நடுவில். ஊசி இறங்கும்போது கடுப்பது போல, கனப்பது போல ஓர் உணர்வு வரும். இருபது, முப்பது நிமிடம் அப்படியே கிடக்கவேண்டும். அந்த நேரத்தில் கையில் போன் வைத்திருக்க நான் விடுவதில்லை.

சீன மரபில் இதை சக்தி ஓட்டம் என்று விளக்குவார்கள். உடலியலில் வேறு விளக்கம் உண்டு. ஊசி நரம்பு நுனிகளைத் தூண்ட, முள்ளந்தண்டும் மூளையும் தங்கள் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கின்றன. ஊசி போட்ட இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடி வலியைக் குறைப்பதை 2010இல் எலிகளில் காட்டினார்கள். 2018இல் ஏறக்குறைய 20,000 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், நாட்பட்ட கழுத்து, நாரி, தோள், முழங்கால் வலிக்கும் தலையிடிக்கும் அக்குபங்சர் பலன் தருவதாகவும், பலனில் பெரும்பகுதி ஒரு வருடம் கழித்தும் நிற்பதாகவும் கண்டார்கள். உரிய முறையில் போடாமல் போட்டதுபோலக் காட்டும் போலி ஊசியோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் இருந்தது, ஆனால் சிறியது. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஊசி, ஓய்வு, தொடுகை, அமைதியாகக் கிடக்கும் அரைமணி நேரம் எல்லாம் சேர்ந்துதான் ஆள் எழும்பும்போது இலேசாக இருக்கிறது. பிரித்தானியாவின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டல் நாட்பட்ட இறுக்கத் தலையிடிக்கு ஐந்து முதல் எட்டு வாரங்களில் பத்து அமர்வுகள் வரை சொல்கிறது. ஒரே ஊசியில் எல்லாம் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலைந்து அமர்வுகளில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் தொடர்ந்து காசு கட்டாதீர்கள்.

இந்த மண்ணில் ஊசி போட முதல் நான் கேட்கிற முதற் கேள்வி வேறெங்கும் அதிகம் கேட்கப்படாதது: "உடம்பில செல் துண்டு ஏதும் இருக்கோ?" கழுத்திலும் தோளிலும் முதுகிலும் உலோகத் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் எங்களிடையே இன்னும் நிறையப் பேர். யுத்தத்தில் பட்ட எறிகணைத் துண்டுகள், 2009க்குப் பிறகு எடுக்க முடியாமல் விட்டவை. சிலர் இருப்பதையே மறந்துபோனார்கள். காயத்தழும்பு ஆறியிருக்கும், துண்டு உள்ளே இருக்கும். கழுத்து உளைவுக்குப் போனைக் குற்றம் சொல்கிற சிலருக்கு உண்மையில் பழைய காயமும் சேர்ந்தே உளைகிறது. அந்த இடத்தில் நான் ஊசி போடுவதில்லை, மின்சாரம் இணைத்த ஊசியை அண்டவும் விடுவதில்லை. கையிலும் காலிலும் தூரப் புள்ளிகளைப் பார்ப்பேன். எக்ஸ்ரே இருந்தால் கொண்டு வாருங்கள். கேட்கச் சங்கடப்படுகிற வைத்தியர் என்றால் நீங்களாகவே சொல்லுங்கள்.

அதோடு சேர்த்துச் சொல்லவேண்டியவை: கர்ப்பம், சலரோகம், இரத்தம் உறையாமல் குடிக்கிற குளிசை, இதயத்தில் பொருத்திய கருவி. கர்ப்பிணிகளுக்குக் கையின் பெருவிரல் இடுக்கையும் தோள் மேட்டையும் தவிர்ப்பது மரபு. வெள்ளி விரதம், கந்தசஷ்டி என்று வெறும் வயிற்றோடு வரவேண்டாம். முதல் ஊசியில் தலைசுற்றி விழுகிறவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள். ஊசிப் பொதியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை பாவித்த ஊசி குப்பைக்குத்தான். தோளின் மேட்டுக்குக் கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது. ஆழமாக இறங்கும் ஊசி அதைக் குத்தக்கூடும். அரிதுதான், ஆனாலும் பயிற்சி இல்லாதவரிடம் தோளைக் கொடுக்காதீர்கள். ஊசி போட்ட பிறகு மூச்செடுக்கக் கஷ்டமோ நெஞ்சுக்குத்தோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

கண்ணைப் பற்றி. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தடவை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதோடு சோளகக் காற்று, செம்மண் தூசு, முகத்துக்கு நேரே சுற்றும் ஃபேன். கண்ணீர்ப்படலம் காய்ந்து எரிகிறது. இதற்கு அக்குபங்சர் செய்த ஆய்வுகள் சிறியவை. அவற்றை வைத்து நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஃபேனைத் திருப்பிவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது செக்கன் பாருங்கள். முற்றத்து வேம்பு போதும். நினைவாக முழுதாக இமையுங்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கூடிய விலைக்கு விற்கிறார்கள். 2023இல் வெளிவந்த பெரிய மீளாய்வொன்று, கணினியால் வரும் கண் களைப்பை அது குறைப்பதாகக் காணவில்லை. அந்தக் காசுக்கு ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாற்பது கடந்தவர்கள் பலருக்கு வேண்டியது வாசிப்புக் கண்ணாடி மட்டும்தான். அது இல்லாமல் கழுத்தை முன்னுக்கு நீட்டி வாசிக்கிறார்கள், பிடரி இறுகிவிடுகிறது.

திடீரென்று பார்வை மங்கினால், கண்ணுக்குள் மின்னல் போல வெட்டினால், கண் சிவந்து நோவோடு சத்தி வந்தால், கை விறைத்துப் பலம் குறைந்தால், இதுவரை இல்லாத கடும் தலையிடி வந்தால் என்னிடம் வராதீர்கள். நேரே வைத்தியசாலை.

வீட்டில் செய்யக்கூடியது: இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோர்த்து, பெருவிரல்களை மண்டையோட்டின் அடியிலுள்ள பள்ளங்களில் வைத்து, ஒரு நிமிடம் மெதுவாக மேல்நோக்கி அழுத்துங்கள். பிறகு புருவ நுனிக்குப் பக்கத்தில் நெற்றிப்பொட்டைச் சுற்றித் தேய்த்துவிடுங்கள். கண்மணியை அழுத்தவேண்டாம். போனைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். கை உளைந்தால் நிறுத்தவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார் பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்கள். சூம் வகுப்பில் தொடங்கிய பழக்கம், வகுப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை என்கிறார்கள். போன் பார்த்துக் கண் நோகிற பிள்ளைக்கு நான் ஊசி போடுவதில்லை. முதலில் கண் பரிசோதனை, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் வெளி வெளிச்சத்தில் விளையாட்டு. வெளியில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பின்னேர ரியூசனை ஒரு பாடத்தால் குறைத்தாலும் பரவாயில்லை, அந்த நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.