அலுவலக ஏஐ எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம்?

ஓர் ஊழியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கும் ஏஐ உதவியாளரிடம், "இந்த வருஷ சம்பள உயர்வு பற்றி ஏதாவது முடிவாகியிருக்கிறதா?" என்று கேட்கிறார். பொதுவான அறிவிப்பு ஏதாவது வரும் என்றுதான் அவர் எதிர்பார்க்கிறார். வந்ததோ, மனிதவளத் துறையின் வரைவுக் கோப்பு ஒன்றின் சுருக்கம். பக்கத்து இருக்கைக்காரருக்கு எத்தனை சதவீதம் என்பது வரை அதில் இருக்கிறது. இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இந்த உதவியாளர்களை நிறுவும் நிர்வாகிகள் முதலில் பயப்படுவது இதற்குத்தான்.

யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. அப்படியென்றால் அந்தக் கோப்பு எப்படி வெளியே வந்தது?

கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலுள்ள அந்தச் சில நொடிகளில் நடப்பதைப் பார்த்தால் புரியும். பதிலை எழுதும் மொழி மாடலுக்கு அந்த நிறுவனத்தின் கோப்புகள் எதுவுமே தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் செயலிதான் முதலில் வேலை செய்கிறது. கேள்வியை எடுத்து, தேடலாக மாற்றி, நிறுவனத்தின் மின்னஞ்சல், ஆவணங்கள், சாட் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கும் அட்டவணையில் தேடுகிறது. பொருத்தமாகத் தெரியும் பத்திகளை அள்ளி வந்து, கேள்வியோடும் செயலியின் அடிப்படை அறிவுறுத்தல்களோடும் சேர்த்து மாடலின் முன்னால் வைக்கிறது. மாடல் அதைப் படித்துப் பதில் எழுதுகிறது. தன் முன்னால் வைக்கப்படாத ஒரு கோப்பை அது கசியவிடவே முடியாது.

ஆகவே முதல் கட்டுப்பாடு, அள்ளி வரும் இடத்தில் இருக்கிறது. 2023 நவம்பரில் பெருநிறுவனங்களுக்கு விற்பனைக்கு வந்த மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் என்ற அலுவலக ஏஐ உதவியாளர் இதற்கு ஒரு நேரடியான விதியை வைத்திருக்கிறது: கேட்பவர் தானே திறந்து பார்க்க அனுமதி உள்ள கோப்புகளிலிருந்து மட்டுமே பதில் வரும். தேடல் அவருடைய பெயரில், அவருடைய அனுமதிகளோடுதான் நடக்கிறது.

விதி சரிதான். ஆனால் அனுமதிகள் சரியாக இருக்கின்றனவா? எத்தனையோ வருஷங்களாக அவசரத்தில் "நிறுவனத்தில் எல்லோரும் பார்க்கலாம்" என்று பகிர்ந்துவிட்டு மறந்துபோன கோப்புகள் எந்த நிறுவனத்திலும் குவிந்து கிடக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாததே இத்தனை காலம் பாதுகாப்பாக இருந்தது. ஏஐ வந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. கோப்பின் பெயர் தெரியவேண்டாம், எந்த ஃபோல்டர் என்று தெரியவேண்டாம்; விஷயத்தைச் சொன்னால் போதும், தேடி எடுத்துக் கொடுத்துவிடும். சம்பளக் கோப்பு வெளியே வந்தது இந்த வழியில்தான்.

இதற்கு நிர்வாகியிடம் இருக்கும் கருவிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது லேபிள். ஒரு கோப்பின் மேல் "ரகசியம்" என்று லேபிள் ஒட்டி, அதோடு குறியாக்கத்தையும் (உரிமை உள்ளவர் மட்டுமே திறக்கும்படி பூட்டுவது) சேர்க்கலாம். அதில் பார்க்கும் உரிமை வேறு, உள்ளடக்கத்தை நகலெடுக்கும் உரிமை வேறு. ஒருவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் இருந்தால், அவர் கோப்பைத் திறந்து படிக்கலாம். ஆனால் கோபைலட் அதைச் சுருக்கித் தராது. சுருக்குவது என்பது உள்ளடக்கத்தை வெளியே எடுப்பதுதானே என்ற கணக்கு. மனிதர் கண்ணால் படிப்பதையும் இயந்திரம் வாரி எடுப்பதையும் இப்படிப் பிரித்துப் பார்த்தது மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு? "சம்பள விவரங்களை யாருக்கும் சொல்லாதே" என்று மாடலிடமே சொல்லிவைத்தால் போதாதா?

போதாது. மொழி மாடலுக்கு வரும் எல்லாமே டோக்கன்கள் எனப்படும் சொல்துண்டுகளின் ஒரே நீளமான வரிசை. நிர்வாகியின் கட்டளை, ஊழியரின் கேள்வி, யாரோ ஒரு வெளியாள் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் அந்த ஒரே வரிசையில்தான் வருகின்றன. இது கட்டளை, இது வெறும் தகவல் என்று உறுதியாகப் பிரிக்கும் சுவர் உள்ளே கிடையாது. பயிற்சியால் மாடல் பெரும்பாலும் சரியாகவே பிரித்துப் பார்க்கிறது. ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் "பெரும்பாலும்" என்பது, விடாமல் முயன்று பார்ப்பவனுக்குத் திறந்து வைத்த வழி. தகவலுக்குள் கட்டளையை ஒளித்துவைக்கும் இந்தத் தாக்குதலுக்கு, 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் என்ற மென்பொருளாளர் "பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்" என்று பெயர் வைத்தார்.

2025 ஜூனில் வெளிவந்த எக்கோலீக் என்ற ஓட்டை இதை அப்பட்டமாகக் காட்டியது. எய்ம் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கோபைலட்டில் கண்டுபிடித்தது இது. தாக்குபவர் ஒரு சாதாரண மின்னஞ்சலை அனுப்புகிறார். அதில் உள்ள கட்டளைகள், அதைப் பெறும் மனிதருக்கு எழுதியவை போலவே இருக்கும்; அதனால் இத்தகைய கட்டளைகளைப் பிடிக்க வைத்திருந்த வடிகட்டியின் கண்ணில் படவில்லை. பெற்றவர் அதைக் கிளிக் செய்யவே தேவையில்லை. பிறகு என்றாவது ஒருநாள் அவர் கோபைலட்டிடம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்றைக் கேட்கும்போது, தேடல் அந்த மின்னஞ்சலையும் அள்ளி வந்து மாடலின் முன்னால் வைக்கிறது. உள்ளே இருக்கும் கட்டளைப்படி, மாடல் தன் பதிலில் ஒரு படத்தின் முகவரியை எழுதுகிறது. அந்த முகவரியின் வாலில், தன் முன்னால் இருக்கும் ரகசியத் தகவலை ஒட்டிவிடுகிறது. படத்தைக் காட்டுவதற்காக பிரௌசர் தானாகவே அந்த முகவரிக்குப் போகும்; தகவலும் கூடவே போய்விடும். மைக்ரோசாஃப்ட் இதை அடைத்துவிட்டது. வாடிக்கையாளர்கள் யாரும் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது.

இந்தச் சங்கிலியில் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன: ரகசியத் தகவல் கையில் இருந்தது, நம்பமுடியாத ஓர் எழுத்து உள்ளே வந்தது, வெளியே தகவல் அனுப்ப ஒரு வழி இருந்தது. மூன்றில் ஒன்றை வெட்டினால் போதும், இந்த வகைத் திருட்டு நடக்காது. அதனால், தெரியாத முகவரியிலிருந்து படம் ஏற்றுவதைத் தடுப்பது, வெளியாட்களின் மின்னஞ்சலைத் தேடலில் சேர்க்காமல் விடுவது போன்ற, பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும் அமைப்புகள், மாடலுக்கு எழுதிவைக்கும் பக்கம் பக்கமான அறிவுரைகளைவிடப் பலமானவை. அவை மாடலின் நல்ல குணத்தை நம்பியிருக்கவில்லை.

அப்புறம், படிப்பதைத் தாண்டி வேலையும் செய்யும் ஏஜென்ட்டுகள் வந்தன. மின்னஞ்சல் அனுப்பும், கேலண்டரில் மீட்டிங் போடும், டேட்டாபேஸில் கைவைக்கும். இங்கே துணைக்கு வருவது ஒரு பழைய கொள்கை. ஒரு நிரலுக்கு, அதன் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அதிகாரத்தை மட்டும் கொடு என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975லேயே எழுதிவைத்தார்கள். இன்று அதை நடைமுறைப்படுத்துவது பெரும்பாலும் ஓஆத் டோக்கன்கள் (முன்பு சொன்ன சொல்துண்டுகள் அல்ல, இவை அனுமதிச் சீட்டுகள்). 2012ல் வந்த ஓஆத் 2.0ன்படி, ஒரு செயலிக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், எல்லை குறித்த ஒரு டோக்கனைக் கொடுக்கலாம். மின்னஞ்சலைப் படிப்பதற்கு ஓர் எல்லை, அனுப்புவதற்கு வேறோர் எல்லை. படிக்க மட்டும் டோக்கன் பெற்ற ஏஜென்ட், எவ்வளவு ஏமாற்றப்பட்டாலும் அஞ்சல் அனுப்பமுடியாது, சர்வரே மறுத்துவிடும். நிறுவும்போது மொத்தமாக "எல்லாவற்றுக்கும் அனுமதி" என்று தட்டிவிடும் பழக்கம்தான் இந்தக் காப்பை வீணாக்குகிறது.

2025 ஜூலையில் ரெப்லிட் என்ற நிரலாக்கத் தளத்தின் ஏஐ ஏஜென்ட், வாடிக்கையாளர் ஒருவரின் இயங்கிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டது. எதையும் மாற்றாதே என்று அவர் அதற்குச் சொல்லியிருந்தார். அந்தச் சொல் அதைத் தடுக்கவில்லை. நிறுவனம் பிறகு அறிவித்த திருத்தங்களில் ஒன்று, சோதனைக்கான டேட்டாபேஸையும் உண்மையான டேட்டாபேஸையும் தானாகவே பிரித்துவைப்பது. கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டால், சொல்பேச்சு கேட்கிறதா என்று கவலைப்படவேண்டியதில்லை.

எட்டியே ஆகவேண்டிய வேலைகளும் உண்டு. அங்கே செய்வதற்குமுன் மனிதரிடம் ஒப்புதல் கேட்கவேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் கேட்டால், பத்தாவது முறை ஊழியர் படிக்காமலேயே "சரி" என்று தட்டிவிடுவார். எனவே திரும்பப் பெறமுடியாத செயல்களுக்கு மட்டும் நிறுத்திக் கேட்கவேண்டும்: வெளியாட்களுக்கு அஞ்சல், அழித்தல், பணம் செலுத்துதல். கேட்கும் திரையிலும் "அஞ்சல் அனுப்பலாமா?" என்ற வெறும் கேள்வி பயன்படாது. யாருக்கு, எந்த இணைப்போடு, என்ன வாசகம் என்பது அப்படியே தெரியவேண்டும். அந்த விவரத்தை மாடல் தன் வார்த்தையில் சொல்லக்கூடாது. செயலி நேரடியாக எடுத்துக் காட்டவேண்டும். ஏமாற்றப்பட்ட மாடல் தன் செயலை நல்லபடியாகத்தானே வர்ணிக்கும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நிர்வாகியின் கையில் இருப்பது. ஊழியரின் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை நிறுவனங்கள் போதிய அளவு கேட்பதில்லை என்பது என் கருத்து. பயனரிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்கமுடியாது என்பதெல்லாம் உண்மையில்லை. 2023 மார்ச் இறுதியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சாட்ஜிபிடியை நிறுத்தியது. ஒரு மாதத்துக்குள், உரையாடல் மாடலின் பயிற்சிக்குப் போகாமல் தடுக்கும் வசதி பயனர் கைக்கு வந்தது, சேவையும் திரும்பியது.

அலுவலகத்தில் ஊழியருக்குக் குறைந்தது இவ்வளவாவது வேண்டும். பதில் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று திறந்து பார்க்கமுடியவேண்டும். ஏஐ தன்னைப் பற்றி என்னென்ன நினைவில் வைத்திருக்கிறது என்று பார்த்து, வேண்டாததை அழிக்கமுடியவேண்டும். இந்த ஒரு கேள்விக்கு என் மின்னஞ்சலைத் தொடாதே என்று இணைப்பை அணைக்கமுடியவேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: அலுவலக ஏஐயிடம் தட்டும் கேள்விகள் பதிவாகலாம். கோபைலட்டில் கேள்வியும் பதிலும் சேமிக்கப்படுகின்றன. உரிய அதிகாரம் உள்ள நிர்வாகி விசாரணைக்காக அவற்றைத் தேடி எடுக்கமுடியும். தவறு நடந்தால் வழியைக் கண்டுபிடிக்க இந்தப் பதிவு அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடல்நலக் கவலையையோ மேலாளரோடு உள்ள மனக்கசப்பையோ அந்தரங்கமான பெட்டி என்று நம்பி அதில் எழுதும் ஊழியருக்கு, தட்டும் இடத்திலேயே அதைச் சொல்லிவிடவேண்டும். எங்கோ ஒரு கொள்கை ஆவணத்தின் மூலையில் சொன்னால் சொன்னதாக ஆகாது.

இன்னும் சரியாகத் தீராத இடம் ஒன்று இருக்கிறது: சுருக்கம். மூலக் கோப்புக்குப் பூட்டு உண்டு. அதிலிருந்து ஏஐ எழுதித் தந்த நாலு வரியை ஊழியர் எடுத்து ஒரு மின்னஞ்சலில் ஒட்டும்போது, அந்தப் பூட்டு கூடவே போவதில்லை. மூலக் கோப்பின் அனுமதியை நாளைக்கு ரத்து செய்தாலும் அந்த நாலு வரி அங்கேயே இருக்கும். லேபிள் உள்ள கோப்பிலிருந்து புதிய ஆவணம் உருவானால் அதற்கும் அதே லேபிளை ஒட்டிவிடும் வசதி கோபைலட்டில் வந்திருக்கிறது. சாட் பதிலிலும், பயன்பட்ட கோப்புகளில் மிகக் கடுமையான லேபிள் எதுவோ அது காட்டப்படுகிறது. அதற்குமேல் நகலெடுத்து ஒட்டும் கையைத் தடுப்பது கடினம். அந்த லேபிளைப் பார்த்துவிட்டு, இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஊழியர்தான் முடிவு செய்கிறார்.