கோபத்தை முந்திக் கண்டுகொள்ளும் பிள்ளைகள்

மங்கலான ஒரு முகப்படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிக்கொண்டே வரும். அதில் தெரிவது கோபமா, பயமா, மகிழ்ச்சியா என்று சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் செத் போலக் குழந்தைகளிடம் இப்படிச் சோதித்தபோது, வீட்டில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள், படம் சரியாகத் தெளிவாவதற்கு முன்பே கோப முகத்தைக் கண்டுகொண்டார்கள்.

இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைக் கணிக்க வேண்டிய வீட்டில், அது தப்பிப் பிழைக்கும் திறமை. அதே பிள்ளைக்கு 14 வயதாகி, வகுப்பில் ஆசிரியர் லேசாகப் புருவத்தைச் சுருக்கினாலும் உடம்பு சண்டைக்குத் தயாராகிறதே, அங்கேதான் சிக்கல். நாம் அதைத் திமிர் என்கிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, ஹைப்போதலாமஸ் என்ற இன்னொரு பகுதியை உசுப்புகிறது. அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பி வழியாக, சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போய், கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் அது போதிய அளவு ஏறியதும், அதுவே மூளைக்குத் திரும்பிச் சுரப்பை நிறுத்தச் சொல்லும். பயம் வருடக்கணக்கில் நீடித்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. சிலருக்குச் சின்ன விஷயத்துக்கும் கார்ட்டிசால் எகிறும். சிலருக்கோ எதற்கும் அசையாமல் மரத்துப்போகும். வெளியே பார்த்தால் ஒருவர் வெடிப்பார், இன்னொருவர் வாயே திறக்க மாட்டார். பருவ வயதில் உணர்ச்சிகள் வேகமெடுக்கின்றன. அவற்றை அடக்கி யோசிக்க வைக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி முதிர்ச்சியடைய ஏறக்குறைய 25 வயதாகிவிடும். பதற்றமும் மனச்சோர்வும் இந்த வயதில் தலைதூக்க இதுவும் ஒரு காரணம்.

1998-இல் அமெரிக்க மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப்பருவக் கொடுமைகளின் வகைகள் கூடக்கூட, பின்னாளில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடுவதைக் காட்டியது. ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு. அதை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது, கணிக்கவும் கூடாது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு ஆய்வு. ஆதரவில்லாத காப்பகங்களில் வளர்ந்து, பிறகு நல்ல குடும்பங்களுக்குத் தத்துப்போன பிள்ளைகளை அமெரிக்க உளவியலாளர் மேகன் கன்னர் குழுவினர் ஆராய்ந்தார்கள். மரத்துக்கிடந்த அவர்களுடைய கார்ட்டிசால் எதிர்வினை, பருவமடையும்போது மற்றப் பிள்ளைகளின் அளவை நெருங்கியது. 2019-இல் இது வெளியானது. மனக்காயம் முழுக்க ஆறிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் பாதுகாப்பான சூழல் அமைந்தால், இந்த ஏற்பாடு தன்னைத் திருத்திக்கொள்ளப் பருவ வயதில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம், சிகிச்சையும் இருக்கிறது. மனக்காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், முதலில் உடம்பின் படபடப்பைத் தணிக்கப் பழக்குகிறார்கள். நடந்ததைப் பிள்ளை தன் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது அதற்குப் பிறகுதான். அந்த விவரிப்பு தயாரானதும், நம்பிக்கையான பெரியவர் ஒருவரும் கூட உட்கார்ந்து கேட்பார்.