அதிரீனல் புற்றுநோயும் சூடாக்கிய கீமோவும்: முதற் சத்திரசிகிச்சைக்கு முன்பே பேசவேண்டியவை

சிறுநீரகங்களின் மேல்முனையில் அமைந்திருக்கும் அதிரீனல் சுரப்பியின் புறணியில், அதாவது வெளிப்பகுதியில், தோன்றும் புற்றுநோய், பத்து இலட்சம் பேரில் ஆண்டொன்றுக்கு ஒருவரையோ இருவரையோதான் பிடிக்கிறது. ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்கள் வாழும் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு நோயாளிகூட இல்லாமல் சில ஆண்டுகள் கழிந்துவிடலாம். இவ்வளவு அரிய நோயைப் பற்றி இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தவுடன், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர்கள் இணையத்தில் தேடி, வயிற்றைத் திறந்து கட்டியை அகற்றிய கையோடு சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள் ஓடவிடும் சிகிச்சையைப் பற்றிய செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். அச்சிகிச்சை உண்மையானது. ஆனால் அது யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்ற விபரம் அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

அதிரீனல் புறணி கோட்டிசோல், அல்டொஸ்தெரோன், ஆண் ஓமோன்கள் ஆகியவற்றைச் சுரக்கிறது. வளர்ந்தோரில் இப்புற்றுநோய்க் கட்டிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ மிகையாகச் சுரக்கின்றன. சில மாதங்களுக்குள் முகம் வட்டமாக ஊதி, வயிறு பெருத்து, கை கால்கள் மெலிந்து, மாடிப்படி ஏறத் தொடைகள் ஒத்துழைக்காமற்போகும். இதுவரை இல்லாத நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஒருசேரத் தோன்றும். பெண்களுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் மயிர் வளர்ந்து மாதவிடாய் நின்றுபோகலாம். சிறு பிள்ளைகளில் காலத்துக்கு முந்திய பூப்பின் அடையாளங்களாக இது வெளிப்படும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வட்டமான முகத்தோடு கிளினிக்குக்கு வருபவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்குக் காரணம் கட்டியன்று, ஸ்ரீரொயிட் மருந்துதான். மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத குளிசைகளை விழுங்கியவர்களும், முகம் வெளுக்கப் பூசும் களிம்புகளை மாதக்கணக்கில் தடவியவர்களும் இதில் அடங்குவர். ஆகவே பரிசோதனைக்கு முன், வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் பொலித்தீன் பையிலிட்டுக் கொண்டுவரும்படி கேட்பது என் வழக்கம்.

மறுபுறம், வேறு காரணத்துக்காக எடுத்த சீ.ரி. ஸ்கானில் அதிரீனல் சுரப்பியில் ஒரு திரட்சி தென்படுவது சாதாரணமாக நடப்பதே. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. நான்கு சென்ரிமீற்றரைத் தாண்டியவையும், ஸ்கானில் சீரற்ற அடர்த்தி காட்டுபவையும், விரைவாக வளர்பவையுமே ஐயத்துக்குரியவை. அத்தகைய கட்டியைக் கண்டதும் ஊசி குத்தி இழையம் எடுக்க விரைவது தவறு. அதே சுரப்பியின் அகணியில், அதாவது உட்பகுதியில், தோன்றும் பியோகுரோமோசைற்றோமா என்ற கட்டியாக இருந்தால், ஊசி பட்டதும் குருதியமுக்கம் உயிராபத்தான அளவுக்கு ஏறலாம். புறணிப் புற்றுநோயாக இருந்தால் கட்டியின் உறை துளைபட்டுக் கலங்கள் சிந்தலாம். முதலில் செய்யவேண்டியவை ஓமோன் பரிசோதனைகளும் மார்பு, வயிறு, இடுப்பு ஆகியவற்றின் ஸ்கானுமே.

இந்நோயைக் குணப்படுத்தக்கூடிய ஒரே வழி, கட்டியை உறை கிழியாமல், சுற்றியுள்ள கொழுப்போடும் தேவைப்பட்டால் ஒட்டியிருக்கும் உறுப்போடும் ஒரே துண்டாக அகற்றுவதாகும். இக்கட்டிகள் மிருதுவானவை, எளிதில் கிழிபவை. உறை ஒருமுறை கிழிந்துவிட்டால், பின்னர் செய்யும் முயற்சியெல்லாம் இலவங்காய் வெடித்த பிறகு பஞ்சைப் பொறுக்குவதற்கு ஒப்பானது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லப்பிரஸ்கோப்பிச் சத்திரசிகிச்சை, ஆறு சென்ரிமீற்றருக்குக் குறைந்த, அயல் உறுப்புகளைப் பற்றாத கட்டிகளுக்கு, அதில் தேர்ந்தவர் கையில் மட்டுமே ஏற்புடையது. மற்றவற்றுக்கு வயிற்றைத் திறந்தே செய்ய வேண்டும். தழும்பு சிறிதாக இருக்கும், நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணத்தில் நோயாளிகளே லப்பிரஸ்கோப்பியைக் கேட்பதுண்டு. வேறு பல நோய்களில் நியாயமான அந்த விருப்பம், இங்கே விலை கூடியது.

சிந்திய கலங்கள் பல நேரங்களில் பெரிட்டோனியத்தில், அதாவது வயிற்றறையின் உட்சுவரையும் குடல்களையும் போர்த்தியிருக்கும் மென்சவ்வில், சிறு முடிச்சுகளாக முளைக்கின்றன. சூடாக்கிய கீமோ இந்த நிலைக்கென எண்ணப்பட்டதே. முதலில் கண்ணுக்குத் தெரியும் முடிச்சுகள் அனைத்தையும் சத்திரசிகிச்சை நிபுணர் பல மணி நேரம் செலவிட்டு அகற்றுவார். பின்னர் வயிற்றறைக்குள் குழாய்கள் வைக்கப்பட்டு, 41 முதல் 43 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய மருந்துக் கரைசல், 60 முதல் 90 நிமிடங்களுக்குப் பம்பு ஒன்றின் துணையோடு சுற்றியோட விடப்படும். நாளத்தினூடாக ஏற்றும்போது உடல் தாங்காத அளவு மருந்துச் செறிவை வயிற்றறைக்குள் மட்டும் எட்ட முடிவதும், வெப்பம் சிஸ்பிளாற்றின் போன்ற மருந்துகளின் தாக்கத்தைக் கூட்டுவதும் இதன் அடிப்படை. ஆயினும் மருந்து இழையத்துக்குள் சில மில்லிமீற்றர் ஆழம்தான் ஊடுருவும். எனவே சூடான மருந்து கட்டியைக் கரைத்துவிடும் என்று எவரும் நம்பக்கூடாது. கத்தியால் அகற்ற முடியாது விட்டுவைத்த பெரிய முடிச்சை அது ஒன்றும் செய்யாது. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய நோயையும் அது எட்டாது.

இம்முறைக்கான சான்று நோய்க்கு நோய் வேறுபடுகிறது. சூலகப் புற்றுநோயின் மூன்றாம் கட்டத்தில், கீமோ சுற்றுகளுக்கு இடையே செய்யும் சத்திரசிகிச்சையோடு சூடாக்கிய சிஸ்பிளாற்றினைச் சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள், அதாவது நோயாளிகளுள் பாதிப்பேர் கடந்த காலம், 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமாக உயர்ந்ததை 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. பெருங்குடற் புற்றுநோயில் 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வோ, நல்ல சத்திரசிகிச்சைக்கு மேலாக ஒக்சாலிபிளாற்றினைச் சூடாக்கி அரை மணி நேரம் ஓடவிட்டதால் வாழ்நாள் கூடவில்லை என்று கண்டது. அதிரீனல் புறணிப் புற்றுநோயைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனம் மீண்டும் தோன்றிய நோயுடையோரில் இதைச் செய்து பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழப் பத்துப் பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. தெரிந்தெடுத்த சிலருக்கு இதைச் செய்ய இயலும் என்பதைத்தான் அது காட்டியது. வாழ்நாளைக் கூட்டும் என்று நிறுவவில்லை. முடிச்சுகள் வயிற்றறைக்குள் மட்டும், எண்ணிக்கையில் குறைவாக, முழுதாக அகற்றக்கூடியனவாக இருந்து, நோய் மெதுவாக வளர்வதாகவும் இருந்தால் ஓர் அனுபவமுள்ள நிலையத்தின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. இயன்றால் அது ஓர் ஆய்வின் பகுதியாகவே நடைபெற வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

சிஸ்பிளாற்றின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. அதிரீனல் கட்டியோடு ஒரு சிறுநீரகமும் அகற்றப்பட்டிருந்தால், எஞ்சிய ஒன்றை நம்பியே சிகிச்சை நடக்கும். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களும், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் வவுனியாப் பக்கத்திலிருந்து வருபவர்களும் இதனைத் தனியாகக் கணக்கிலெடுக்க வேண்டும். அடுத்து, கோட்டிசோல் சுரக்கும் கட்டி இருக்கும்வரை மறுபக்கச் சுரப்பி உறங்கிக் கிடக்கும். கட்டி வெளியேறிய அன்றே உடல் கோட்டிசோல் இல்லாமல் தவிக்கத் தொடங்கும் என்பதால், சத்திரசிகிச்சை மேசையிலேயே கோட்டிசோலுக்கு ஈடான ஐதரோகோட்டிசோன் மருந்து தொடங்கப்பட வேண்டும். மிகை கோட்டிசோலினால் காயம் ஆறத் தாமதமாவதும், கிருமித் தொற்றும், கால் நாளங்களில் குருதி உறைவதும் கூடுதல்.

மீண்டும் வரும் அபாயம் கூடியவர்களுக்குச் சத்திரசிகிச்சையின் பின், அதிரீனல் புறணிக் கலங்களை அழிக்கும் மைற்றோற்றேன் குளிசை வழங்கப்படுகிறது. குருதியில் அதன் அளவை ஒரு லீற்றருக்கு 14 முதல் 20 மில்லிகிராம் வரை வைத்திருக்க வேண்டும். அது ஐதரோகோட்டிசோனை விரைவாகச் சிதைப்பதால் பின்னதை வழமையைவிடக் கூடிய அளவில் எடுக்க வேண்டியிருக்கும். அபாயம் குறைந்தவர்களுக்கு மைற்றோற்றேனால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதால், எல்லோருக்கும் அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டியதில்லை. அகற்ற முடியாதபடி பரவிய நோய்க்கு, மைற்றோற்றேனோடு எற்றொப்போசைட், டொக்சோரூபிசின், சிஸ்பிளாற்றின் ஆகிய மூன்றையும் நாளத்தினூடாகக் கொடுப்பதே 2012ஆம் ஆண்டின் பெரிய ஒப்பீட்டு ஆய்வுக்குப் பின் முதன்மையான கீமோ முறை.

யாழ்ப்பாணத்தில் இந்த ஐயம் எழும்போது பெரியாஸ்பத்திரி, தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகள் என்ற வரிசையில் நோயாளி அலைவதைவிட, முதற் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அகஞ்சுரப்பு வைத்தியர், சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் வைத்தியர் ஆகிய மூவரும் ஒரே ஸ்கானைச் சேர்ந்து பார்ப்பதே பயன் தரும். “ஐயா, இந்தக் கட்டியை நீங்கள் எத்தனை முறை அகற்றியிருக்கிறீர்கள்?” என்று கேட்பதை எந்த வைத்தியரும் அவமதிப்பாகக் கொள்ளலாகாது. பலாலியிலிருந்து சென்னை செல்வது எளிதாகிவிட்டது, அங்கே சில வைத்தியசாலைகளில் சூடாக்கிய கீமோ செய்யப்படவும் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் சூலக, குடற் புற்றுநோய்களுக்கே. காணி ஈடுவைத்துப் புறப்படும் முன் டயக்னோசிஸ் காட், ஸ்கான் படங்கள் பதிந்த சீ.டி. தட்டு, நோயியல் அறிக்கை ஆகியவற்றை மட்டும் அனுப்பி எழுத்தில் கருத்துப் பெறலாம். அகற்றிய கட்டியின் இழையத் துண்டுகள் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகளை வைத்தியசாலையிலிருந்து கேட்டு வாங்கினால் மறுபரிசோதனைக்கு உதவும். நோயாளி சிறுபிள்ளையாயின், குடும்பத்தில் பிற புற்றுநோய்கள் உண்டா என்று விசாரித்து, பரம்பரையாகப் புற்றுநோய்க்கு இடமளிக்கும் மாற்றம் உண்டா என்று பார்க்கும் ரி.பி.53 மரபணுப் பரிசோதனையைப் பற்றியும் பேச வேண்டும்.

கட்டி முழுதாக அகன்றது என்ற அறிக்கையோடு பலர் கிளினிக்கை மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் மார்பும் வயிறும் இடுப்பும் ஸ்கான் செய்யப்பட வேண்டும். வயிற்றறைக்குள் இரண்டு மூன்று முடிச்சுகளாக இருக்கும்போது கண்டால் மறு சத்திரசிகிச்சை பற்றியும், அரிதாகச் சூடாக்கிய கீமோ பற்றியும் யோசிக்க இடமுண்டு. வயிறு நீர்கோத்து வீங்கிய பிறகு வருபவருக்கு அந்தப் பேச்சுக்கே இடமிருப்பதில்லை.