கரண்ட் போனால் கூரைச் சோலாரும் நிற்கத்தான் வேண்டும்

கொழும்பு வெள்ளவத்தையில் பகலில் கரண்ட் நின்றால் போதும், "வெயில் அடிக்கிறது, கூரையில் சோலார் இருக்கிறது, வீட்டில் ஏன் லைட் இல்லை? இன்வெர்ட்டர் பழுதா?" என்று போன் வரும். பழுதில்லை. இன்வெர்ட்டர் என்பது கூரைத் தகட்டின் டீசி கரண்டை வீட்டுக்கான ஏசி கரண்டாக மாற்றும் பெட்டி. பற்றரி இல்லாத இன்வெர்ட்டர், லைனில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் (வினாடிக்கு 50 அலை) இருந்தால்தான் ஓடும். லைன் நின்றபிறகும் அது ஓடினால், கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர்மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயும்.

தேவை குறைந்த விடுமுறை நாட்களில் கூரைச் சோலாரை அணைக்கும்படி கேட்டால், உடனே "நிலக்கரி எரிக்கத்தான் சோலாரை அணைக்கச் சொல்கிறார்கள்" என்ற பேச்சு. இதை எத்தனை தடவை கேட்பது? நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலும் விக்டோரியா, கொத்மலை நீர்மின் நிலையங்களிலும் சுழலும் பாரமான ரோட்டர்கள்தான், எங்காவது கோளாறு வந்தால் முதல் சில வினாடிகள் 50 ஹேர்ட்ஸ் சரியாமல் தாங்குகின்றன. கூரைத் தகட்டில் சுழல எதுவுமே கிடையாது, அதனால் அந்தத் தாங்கலும் கிடையாது. ஞாயிறு மதியம் அலுவலகங்கள் பூட்டு, சோலார் உச்சம். சோலாரை அணைக்காவிட்டால் சுழலும் மெஷின்களைக் குறைக்க வேண்டிவரும். நீர்மின் மெஷினைச் சில நிமிடங்களில் நிறுத்தலாம், எடுக்கலாம். நுரைச்சோலையின் 300 மெகாவாட் அலகை ஒரு மட்டத்துக்குக் கீழே இறக்க முடியாது. விழுந்தால் எழ நாட்கள் ஆகும்.

2025 பெப்ரவரி 9 ஞாயிறு அதுதான் நடந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டதும் நாடே இருண்டது. எல்லோரும் குரங்கைப் பேசினார்கள். அடியைத் தாங்கும் சுழற்சி அந்நேரம் போதாததை அவ்வளவாகப் பேசவில்லை. நுரைச்சோலையின் 3 அலகுகளும் விழுந்ததால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் பகல் 3 மணிவரை அணைத்துவைக்கும்படி மின்சார சபை கேட்டது இதனால்தான்.

கேட்டால் தயவுசெய்து அணையுங்கள். முதலில் சோலாரின் ஏசி பிரேக்கர், பிறகு இன்வெர்ட்டரிலுள்ள டீசி சுவிட்ச். திரும்பப் போடும்போது தலைகீழ் வரிசை; லைனைச் சோதித்துவிட்டு இன்வெர்ட்டர் தானாகவே தொடங்கும், அவசரப்பட்டுத் தட்டாதீர்கள். வெயில் நேரத்தில் கூரையேறி பிளக்கைப் பிடுங்கவே வேண்டாம்: பல நூறு வோல்ட் டீசியில் எழும் தீப்பொறி இலகுவில் அணையாது, கையைச் சுடும், கூரையையும் எரிக்கும்.

வொஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், ஸ்திரிக்கைப் பெட்டி எல்லாம் மதியத்துக்கு மாறட்டும். பகலில் நீங்கள் லைனுக்குக் கொடுத்தது பில்லில் வரவாகத்தான் சேரும், இரவுக்குக் கரண்டாக இருக்காது. மாலை 6.30 முதல் 10.30 வரை உங்கள் வீட்டை ஓட்டுவது காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கத் தண்ணீரும் நிலக்கரியும் எண்ணெயும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் சேன்ஞ் ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) இல்லாமல் அதை வீட்டு லைனில் கொடுக்கவே கூடாது. இருபக்கமும் பிளக் போட்ட வயரைச் சுவர் சொக்கெட்டில் செருகுவது கொலைக்குச் சமம். ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரின் ஏசி பிரேக்கர் அணைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் அதையே லைன் என்று எடுத்துக் கரண்டைத் திருப்பித் தள்ளி, ஜெனரேட்டரை எரித்துவிடும்.