குளிர்காற்று தேங்கும் இடங்கள்: அப்பலாச்சியாவில் மூடுபனியைப் படமெடுக்க விரும்புவோருக்கு

வேலையின் பொருட்டு, அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சிய மலைத்தொடரில் அமைந்த மேற்கு வர்ஜீனியாவில் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர், மூடுபனிக்கு மேலே மலைமுகடுகள் மட்டும் தெரியும் விடியற்காலைப் படங்களை எடுக்க ஏற்ற இடங்களை எவ்வாறு கண்டறிவது என்று கேட்டிருக்கிறார். பெயர்பெற்ற காட்சிமுனைகளின் பட்டியல் எளிதில் கிடைக்கும். ஆயினும் ஒரே முனையில் ஒரு நாள் மூடுபனிக்கு மேலே நிற்போம். மறுநாள் அதற்குள்ளேயே சிக்கி எதையும் காணாமல் திரும்புவோம். ஆகவே, இரவில் குளிர்காற்று எங்கே, எவ்வளவு உயரம் வரை தேங்குகிறது என்பதை அறிவதே முதன்மையானது.

சூரியன் மறைந்தபின் நிலம் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை இழப்பதும், அதை ஒட்டிய காற்று குளிர்ந்து அடர்த்தி மிகுவதும் பள்ளியில் படித்தவையே. சமவெளியில் அந்தக் காற்று இருந்த இடத்திலேயே கிடக்கும். சரிவில் கிடக்க இயலாது. அதே உயரத்தில் சரிவை விட்டு விலகியிருக்கும் காற்று இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதால், சரிவைத் தொட்டிருக்கும் கனத்த காற்று கீழ்நோக்கி வழிந்து, ஓடைகளின் தடத்தைப் பற்றிப் பள்ளத்தாக்கின் அடியில் சேர்கிறது. விடியும் வேளையில் அடியில் கடுங்குளிரும் நடுச்சரிவில் மிதமான வெப்பமும் நிலவும். இந்த வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் அங்கே அன்றாட நிகழ்வு என்பதால், கிழக்குக் கென்டக்கியின் ஜாக்சன் நகரிலுள்ள தேசிய வானிலைச் சேவை அலுவலகம் தெளிந்த இரவுகளுக்கான முன்னறிவிப்பில் முகட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைத் தனியே குறிப்பிடுவது வழக்கம்.

இதற்குப் பின் நிகழ்வதுதான் என்னை மிகவும் கவர்கிறது. கோடையின் வெப்பத்தை இன்னும் இழக்காத ஆற்றுநீரும், அடர்ந்த இலையுதிர் காடுகளும் ஈரத்தை ஊட்ட, தேங்கிய காற்று பனிநிலையை, அதாவது அதிலுள்ள ஈரம் துளிகளாக மாறத் தொடங்கும் வெப்பநிலையை, எட்டியதும் நுண்துளிகள் தோன்றுகின்றன. ஓரளவு அடர்ந்த மூடுபனி அகச்சிவப்புக் கதிர்களைத் தன்னூடே செல்லவிடாது. எனவே அதுவரை வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்துகொண்டிருந்த நிலத்தின் இடத்தை இப்போது மூடுபனியின் மேற்பரப்பு எடுத்துக்கொள்கிறது. மேற்பரப்பு குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடியிலிருந்து சற்றே வெப்பமான காற்று மேலெழ, இந்தக் கலக்கத்தால் மூடுபனி தன்னைத் தானே உயர்த்திக்கொள்கிறது. தலைகீழ் அடுக்கு, அதாவது மேலே இருக்கும் வெப்பமான காற்று, மூடியாக அமைந்து அந்த வளர்ச்சியைத் தடுக்கும் உயரத்தில்தான், நாம் மேலிருந்து காணும் சமமான வெண்பரப்பு உருவாகிறது.

இதை மனத்தில் கொண்டு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1:24,000 அளவிலான நிலப்படங்களைப் பார்த்தால், சம உயரக்கோடுகளே இடத்தைக் காட்டிவிடும். பரந்த பள்ளத்தாக்கு ஒன்று குறுகிய வாயில் வழியாக மட்டுமே வடிகிறது என்றால், வாய் சிறுத்த குடத்தில் நீர் நிற்பதுபோலக் குளிர்காற்று அங்கே நிற்கும். மேற்கு வர்ஜீனியாவின் கேனான் பள்ளத்தாக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் தரை ஏறத்தாழ 3,200 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் 4,000 அடியை ஒட்டிய மலைகள். அவற்றின் முகடுகளில் நிற்பவர் பெரும்பாலும் மூடுபனிக்கு மேலேயே இருப்பார். நியூ ரிவர் பெருங்கணவாயில் ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 1,400 அடி உயரத்திலுள்ள கிராண்ட்வியூ முனைக்கும் இது பொருந்தும். டாலி சாட்ஸ் என்னும் மேட்டுநிலத்தின் கிழக்கு விளிம்பிலுள்ள பேர் ராக்ஸ் பாறைகளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: மூடுபனித் துளிகள் ஒளியைப் பெரிதும் முன்னோக்கியே சிதறடிப்பதால், அங்கே கிழக்கு நோக்கி நின்று சூரியனுக்கு எதிரே படமெடுக்கும்போது கீழேயுள்ள பள்ளத்தாக்குகள் ஒளிர்கின்றன. தனியார் நிலத்தில் அனுமதியின்றி நுழைய வேண்டாம். 1920-இல் நிறுவப்பட்ட மனோங்ககேலா தேசிய வனமே போதிய பரப்புடையது.

ஆகஸ்டில் எத்தனை மூடுபனிகளோ, குளிர்காலத்தில் அத்தனை பனிப்பொழிவுகள் என்று அம்மலைகளில் ஒரு நம்பிக்கை வழங்குகிறது. ஆகஸ்டு மூடுபனியை முடிவு செய்வன அந்த இரவின் மேகமின்மை, காற்றின் அமைதி, ஈரம் ஆகியவையே. அவற்றால் ஜனவரி மாதத்தை அறிய முடியாது. எண்ணிவைத்தவர்களின் கூர்ந்த கவனத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலாது.

முன்னிரவிலேயே வெப்பநிலை பனிநிலையை நெருங்கி, வானம் தெளிந்து, காற்று ஓய்ந்திருந்தால் கிளம்பலாம். புறப்படும் முன் கோஸ் (GOES) என்னும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் இரவுப் படத்தைப் பாருங்கள். மூடுபனியின் துளிகள் 3.9 மைக்ரான் அலைநீளத்தில் 10.3 மைக்ரானை விடத் திறன் குறைவாகக் கதிர்வீசுகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு இருளிலும் மூடுபனி நிறைந்த பள்ளத்தாக்குகளைக் கிளை கிளையாகக் காணலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இப்படங்கள் பொதுமக்கள் பணத்தில் உருவானவை, யாவருக்கும் இலவசம். இத்தகைய பணிகளுக்கான நிதியைக் குறைப்பது பெருந்தவறு என்றே கருதுகிறேன்.

விடிந்ததும் முகட்டை விட்டு உடனே இறங்க வேண்டாம். வெயில் ஏறும்போது மூடுபனி சில நாள்களில் முதலில் சற்று உயர்ந்து, பின்னரே கலையும். அது மெலிந்திருக்கும் ஓரங்களில் நிலம் முந்திச் சூடாவதால், கலைதல் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி நகரும். அந்தக் கட்டத்தில் பள்ளத்தாக்கின் ஓரத்து மரங்களுக்கு இறங்கிவிட்டால், கிளைகளின் ஊடே புகும் ஒளிக்கற்றைகளையும் படமெடுக்கலாம்.